முதல் மசில் கார்: 20,000 டாலருக்குள் எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

1964 மாடல் வருடத்தில் பான்டியாக் கம்பெனி செய்தது ஒரு குறுக்கு வேலை. குடும்பஸ்தர்களுக்கு விற்றுக்கொண்டிருந்த டெம்பஸ்ட் என்ற நடுத்தர வண்டியில், பெரிய வண்டிகளுக்கு வைத்திருந்த 389 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை இறக்கினார்கள். அந்த அளவு வண்டியில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் போடக்கூடாது என்பது ஜெனரல் மோட்டார்ஸ் தலைமையின் விதி. தனி மாடல் என்று அறிவித்தால் மாட்டிக்கொள்வோம் என்பதால், 295 டாலர் கூடுதல் 'ஆப்ஷன்' என்று விலைப்பட்டியலுக்குள் நுழைத்தார்கள். அதுதான் ஜிடிஓ. 1968-இல் பிளைமவுத் இன்னும் ஒரு படி போனது. ரோடு ரன்னரில் தரைக்கு கார்பெட்கூட இல்லை, வெறும் ரப்பர் விரிப்பு. ஆனால் உள்ளே 383 இன்ஜின், 335 குதிரைத்திறன், அடிப்படை விலை 2,900 டாலருக்குள்.

ஆக, நடுத்தர வண்டியில் பெரிய வி8 இறக்கிய மசில் கார் பிறந்ததே மலிவு வண்டியின் வயிற்றில்தான். இன்று ஜிடிஓ, ஹெமி குடா, செவர்லேயின் வேக வகையான செவெல் எஸ்.எஸ். எல்லாம் முதல் முறை வாங்குபவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு உடம்பு கொடுத்த சாதா வண்டிகள் அமெரிக்கா முழுவதும் இன்னும் கிடைக்கின்றன. அதே சேசிஸ், அதே கதவு, அதே டாஷ்போர்டு. பின்னால் ஒட்டிய பெயர்ப்பட்டை மட்டும் வேறு. நியூ ஜெர்சியிலோ டல்லாஸிலோ டொராண்டோவிலோ இருந்துகொண்டு "ஒரு பழைய வி8 வண்டி வேண்டும், கையில் 20,000 டாலர் இருக்கிறது" என்று நினைப்பவருக்கு அந்தச் சாதா வண்டிதான் வழி.

முதலில் கணக்கு

20,000 டாலர் இருந்தால் 20,000 டாலர் வண்டியைப் பார்க்கக் கூடாது. 15,000 டாலர் வண்டியைப் பாருங்கள். வாங்குமுன் ஒரு மெக்கானிக்கை அனுப்பிப் பார்க்க 400 டாலர், வேறு மாநிலத்திலிருந்து லாரியில் ஏற்றிவர 1,200, வரியும் டைட்டில் (உரிமைப் பத்திரம்) மாற்றமும் சேர்த்து 1,000. மிச்சம் 2,400 டாலர் முதல் ஆறு மாதத்தில் தானாகக் கரையும். எதில் கரையும் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

"6,000 டாலருக்கு ஒரு வண்டி கிடைக்கிறது, ஓடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்துகொள்கிறேன்" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். விட்டுவிடுங்கள். ஒழுங்கான டிங்கரிங்கும் பெயின்ட்டும் 10,000 டாலருக்குக் கீழே முடிவது அபூர்வம். இன்ஜினைப் பிரித்துக் கட்ட 4,000 முதல் 6,000. சீட், கார்பெட், கூரைத்துணி 2,000 முதல் 3,000. இரண்டு பம்பருக்கும் புதிதாக குரோம் ஏற்றினால் அதுவே 1,500 பக்கம் வரும். கூட்டிப் பார்த்தால் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை வாங்கி, மிச்சத்தில் பெட்ரோலும் போட்டிருக்கலாம். அடுத்தவர் 30,000 டாலர் செலவழித்துச் செய்த வண்டி 18,000 டாலருக்கு விற்பனைக்கு வருவது இந்தச் சந்தையில் அன்றாடக் காட்சி. அந்த நஷ்டத்தை அவரே படட்டும்.

பழைய கார்களுக்கு இன்ஷூரன்ஸ் தரும் ஹேகர்ட்டியின் விலைப்பட்டியலில் வண்டிகளை 1 முதல் 4 வரை நிலை பிரித்திருப்பார்கள். 1 என்பது கண்காட்சி வண்டி. 4 என்றால் ஓடும், குறைகள் கண்ணுக்குத் தெரியும். உங்களுக்கானது 3: பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அழகு, கிட்டே போனால் கீறல்கள், ஆனால் சாவியைத் திருப்பினால் கிளம்பும். விற்பவர்கள் எல்லோரும் 3-ஐ 2 என்றுதான் சொல்வார்கள்.

எந்த வண்டி

டாட்ஜ் டார்ட், பிளைமவுத் டஸ்டர், வேலியன்ட். மூன்றும் கிரைஸ்லரின் ஏ-பாடி என்ற ஒரே அடித்தளம். 318 வி8 இன்ஜினும் டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் உள்ள 1970-74 வண்டிகளை 14,000 முதல் 20,000 வரை பார்க்கலாம். 340 இன்ஜின் என்று சொன்னதுமே விலை ஏறிவிடும். முதல் வண்டிக்கு அது தேவையில்லை. எடை குறைவு என்பதால் 318-ஏ சுறுசுறுப்பாக இழுக்கும். ஒரு சிக்கல்: 1972 வரை இந்த வண்டிகளில் வீல் போல்ட்டுகள் 4 அங்குல வட்டத்தில் இருக்கும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான வீல்கள் 4.5 அங்குல வட்டத்துக்கானவை. 1973 முதல் முன்பக்க டிஸ்க் பிரேக்கோடு வந்தவை 4.5 ஆக மாறின. அழகான வீல் போட ஆசை இருந்தால் 1973 அல்லது 1974 டஸ்டர் தேடுங்கள்.

ஃபோர்டு மஸ்டாங் இரண்டு கதவு கூப், 1965 முதல் 1968 வரை. கூரை பின்னால் சரிந்து இறங்கும் ஃபாஸ்ட்பேக்கும், கூரை மடங்கும் கன்வெர்ட்டிபிளும் விலையில் எங்கோ போய்விட்டன. மூன்று பெட்டி வடிவக் கூப்பை லட்சக்கணக்கில் செய்து தள்ளியதால் இன்னும் நம் கைக்குள் நிற்கிறது. 289 அல்லது 302 வி8 உள்ளது 18,000 டாலருக்கு மேலேதான் தொடங்கும், கொஞ்சம் நெருக்கடிதான். இதன் பெரிய பலம் உதிரிபாகம்: கதவு, மட்கார்டு, தரைத் தகடு, வயரிங் கட்டு என்று ஒன்று விடாமல் புதிதாகச் செய்து விற்கிறார்கள். பணம் பற்றவில்லை என்றால் அதே அடித்தளத்தில் வந்த 1967-68 மெர்க்குரி கூகரைப் பாருங்கள். மஸ்டாங்கைவிடக் கொஞ்சம் நீளம், உள்ளே சொகுசு அதிகம், விலை குறைவு. முன்பக்க மறைவு ஹெட்லைட்டுகளைத் திறந்து மூடுவது இன்ஜின் வேக்குவம். ஒரு குழாய் கசிந்தாலும் ஒரு கண் மட்டும் பாதி திறந்தபடி நிற்கும். பயப்பட வேண்டிய குறை அல்ல, விலை பேச உதவும்.

ஃபோர்டு மேவரிக், மெர்க்குரி காமெட். 302 இன்ஜினோடு கிடைத்தால் பணத்துக்கு ஏற்ற வண்டி இதைவிட வேறில்லை. மஸ்டாங்கின் இன்ஜின், கியர்பாக்ஸ் சாமான்கள் பலவும் பொருந்தும். ஆனால் பாடித் தகடுகளும் உள் அலங்காரமும் புதிதாகக் கிடைப்பது கடினம், அதனால் இந்த வண்டியில் துரு இருந்தால் தொடவே வேண்டாம்.

செவர்லே நோவா 1968-74, முதல் தலைமுறை கமாரோவின் உறவுக்காரன். முன்பக்க சப்ஃபிரேமும் (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) சஸ்பென்ஷனும் கமாரோ வழி வந்தவை. ஆறு சிலிண்டர் நோவாவை வாங்கிப் பிறகு 350 இறக்கலாம் என்று யோசிப்பவர்கள் உண்டு. செவர்லே சின்ன பிளாக் இன்ஜினுக்கு உதிரிபாகம் மளிகைக் கடையில் பருப்பு கிடைப்பது போலக் கிடைக்கும் என்பதால் அந்த யோசனை தப்பில்லை.

1973-க்குப் பிந்தையவை: 70-களின் நடுவில் வந்த கமாரோ, ஃபயர்பேர்டு, பிறகு 1978-88 மான்டி கார்லோ, கட்லஸ் போன்ற ஜி-பாடி வண்டிகள். "சக்தி செத்துப்போன காலத்து வண்டி" என்று ஒதுக்குவார்கள். அதில் பாதிதான் உண்மை. 1971 வரை விளம்பரத்தில் போட்டது இன்ஜினைத் தனியே மேடையில் வைத்து அளந்த 'கிராஸ்' எண். 1972 முதல் சைலன்சர், ஃபேன் எல்லாம் மாட்டி அளந்த 'நெட்' எண். செவர்லேயின் எல்.டி.1 இன்ஜின் 1971-இல் 330, அடுத்த வருடம் 255. அந்த 75-இல் பெரும்பகுதியை விழுங்கியது அளக்கும் முறைதான். தவிர, 1971-இலேயே ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனை (சிலிண்டருக்குள் கலவையை அழுத்தும் விகிதம்) குறைத்துவிட்டதால் இந்த இன்ஜின்கள் சாதா 87 ஆக்டேன் பெட்ரோலில் நிம்மதியாக ஓடும். 10-க்கு 1-க்கு மேல் கம்ப்ரெஷன் உள்ள 60-களின் இன்ஜினுக்குப் பிரீமியம் ஊற்றியே கை சலிக்கும்.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே 1975 மாடலும் அதற்கு முந்தையவையும்தான் புகைச் சோதனையிலிருந்து விலக்கு. 1977 ஃபயர்பேர்டு வாங்கினால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை சோதனை, ஒரிஜினல் புகைக்கட்டுப்பாட்டுச் சாமான்கள் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். முந்தைய உரிமையாளர் அவற்றைக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பார்.

ப்யூக் ஸ்கைலார்க், ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ், பான்டியாக் லெமான்ஸ் ஆகியவற்றில் நான்கு கதவு வண்டிகளை யாரும் சீந்துவதில்லை. குடும்பத்தோடு போக நினைத்தால் இவை அருமை. வாங்குமுன் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: ப்யூக் 350, ஓல்ட்ஸ் 350, பான்டியாக் 350, செவர்லே 350 நான்கும் நான்கு வெவ்வேறு இன்ஜின்கள். எண் ஒன்று, தாய் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸும் ஒன்று, மற்றபடி ஒன்றின் ஹெட்டோ வாட்டர் பம்ப்போ மற்றதில் ஏறாது. செவர்லே சாமான் விலையை மனதில் வைத்து ப்யூக் வாங்கினால் முதல் பில்லிலேயே திகைப்பீர்கள்.

நம்பரைப் படிப்பது

விளம்பரத்தில் "எஸ்.எஸ்." என்று போட்டிருந்தால் அதற்கு 5,000 டாலர் கூடுதலாகக் கேட்பார்கள். பெயர்ப்பட்டை 40 டாலருக்குக் கிடைக்கும். எனவே வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரைப் படிக்கத் தெரிய வேண்டும். 1968 முதல் அது டிரைவர் பக்க டாஷ்போர்டின் மேல் (1968 ஃபோர்டில் மட்டும் பயணி பக்கம்), கண்ணாடி வழியாகத் தெரியும்.

செவர்லேயில் 1967-71 கமாரோ 124 என்று தொடங்கினால் வி8-ஆகப் பிறந்தது, 123 என்றால் ஆறு சிலிண்டர். ஆனால் அது எஸ்.எஸ். என்பதை வின் சொல்லாது. செவெலில் 1966 முதல் 1968 வரை மட்டும் எஸ்.எஸ். 396-க்கு 138 என்று தனி வரிசை. 1969 முதல் அது வெறும் ஆப்ஷன், கம்பெனிக் காகிதம் இல்லாமல் நிரூபிக்க முடியாது. பான்டியாக் ஜிடிஓ 1966 முதல் 1971 வரை 242. ஃபோர்டில் ஐந்தாவது எழுத்து இன்ஜின்: சி என்றால் இரட்டை பேரல் கார்புரேட்டர் உள்ள 289, ஏ என்றால் நான்கு பேரல் 289, எஃப் என்றால் 302, டி (T) என்றால் 200 ஆறு சிலிண்டர். கிரைஸ்லரிலும் ஐந்தாவதுதான், 1970-73 வண்டிகளில் ஜி 318, எச் 340.

1967 முதலான பழைய ஃபோர்டுகளுக்கு மார்ட்டி ரிப்போர்ட் என்று ஒன்று வாங்கலாம். கம்பெனியின் உற்பத்திப் பதிவேட்டிலிருந்தே எடுத்துத் தருகிறார்கள். பான்டியாக்குக்கு பி.எச்.எஸ். என்ற நிறுவனம் அதே வேலையைச் செய்கிறது. வண்டியின் வரலாறு தரும் கார்ஃபேக்ஸ் இங்கே உதவாது, 1981 முதலான 17 இலக்க வின்னுக்கு மட்டுமே அது.  டைட்டிலில் உள்ள எண்ணும் டாஷ்போர்டு எண்ணும் ஓர் எழுத்து மாறினாலும் பணத்தை எடுக்காதீர்கள். "டைட்டில் தபாலில் வருகிறது" என்பவருக்கு, "வந்ததும் நானும் வருகிறேன்" என்பதே பதில்.

இவ்வளவும் ஏமாறாமல் இருக்கத்தான். நீங்கள் நம்பர் பொருந்தும் வண்டியைத் தேடவே வேண்டாம். பிறந்த இன்ஜின் போய் வேறு இன்ஜின் ஏறிய வண்டியைச் சேகரிப்பாளர் ஒதுக்குவார், அதனால் விலை இறங்கும். ஓட்டுவதற்கு வாங்குபவருக்கு அது லாபம்.

மஸ்டாங் பார்க்கப் போனால் பானெட்டைத் திறக்குமுன் வீலைப் பாருங்கள். 60-களின் மஸ்டாங்கில் ஆறு சிலிண்டர் வண்டிக்கு நான்கு போல்ட், வி8-க்கு ஐந்து. நான்கு போல்ட் வீலுக்கு மேல் வி8 உட்கார்ந்திருந்தால், யாரோ இன்ஜினை மட்டும் மாற்றிவிட்டு பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் பின் ஆக்சிலையும் அப்படியே விட்டிருக்கிறார் என்று பொருள். ஆறு சிலிண்டருக்கான அந்தச் சின்ன ஆக்சில் வி8-இன் முறுக்கைத் தாங்க வடிவமைத்தது அல்ல. சரிசெய்ய 2,500 டாலராவது ஆகும்.

இரும்பைப் பார்ப்பது

இன்ஜின் கழற்றி மாட்டுகிற சாமான். பாடி அப்படி அல்ல. அரைநாள் வண்டியோடு செலவழிக்கிறீர்கள் என்றால் அதில் பாதி வண்டிக்கு அடியில் போக வேண்டும். டார்ச், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், குச்சியில் கட்டிய கண்ணாடி, ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும், படுக்க ஒரு பாய்.

காந்தத்தைப் பின் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர், கதவின் அடி ஓரம் ஆகிய இடங்களில் வைத்து இழுத்துப் பாருங்கள். நல்ல தகட்டில் துணியையும் மீறிப் பிடிக்கும். திடீரென்று வழுக்கி விழுந்தால் அங்கே இரும்பு இல்லை, பள்ளத்தை நிரப்பிப் பூசிய பட்டி (புட்டி). ஒரு ரூபாய் நாணயம் அளவு பட்டி இருந்தால் பரவாயில்லை, யாரோ ஒரு நசுங்கலைச் சரிசெய்திருப்பார்கள். உள்ளங்கை அளவுக்கு இருந்தால் அதற்குப் பின்னால் தகடே இல்லாமல் வலையை வைத்துப் பூசியிருக்கக் கூடும். டிக்கிக்குள் படுத்து உள்பக்கத்திலிருந்து அதே இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். பட்டி, திருகிய ஸ்க்ரூக்களின் வழியாகப் புழு மாதிரி பிதுங்கி நிற்கும். அடிப்பாகத்தில் பளபளவென்று புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் விற்பனைக்காக அடித்தது என்று வைத்துக்கொண்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீர் என்ற ஓசை தொப்பென்று மாறுகிற இடத்தில் நிறுத்துங்கள்.

வினைல் கூரை உள்ள வண்டியில், கூரை ஓரத்தையும் பின் கண்ணாடியின் கீழ் மூலைகளையும் விரலால் அழுத்துங்கள். மொறுமொறுவென்று அப்பளம் நொறுங்குகிற உணர்வு வந்தால் அடியில் தகடு போய்விட்டது.

மஸ்டாங்கிலும் கூகரிலும் தனியாக ஒரு சோதனை செய்தே ஆக வேண்டும். முன் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் நடுவில் வரிவரியாகக் காற்று போகும் துளைகள் இருக்கும். அதன் கீழே இரண்டு தகடுகளை ஒட்டி வெல்டு செய்த ஒரு மறைவான தொட்டி. ஐம்பது வருடமாக இலை உதிர்ந்து, ஈரம் தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். வெளியிலிருந்து எதுவும் தெரியாது. விற்பவரிடம் அனுமதி கேட்டு, கார்பெட்டை மடக்கிவிட்டு, ஒரு குடம் தண்ணீரை அந்தத் துளைகளில் மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். நீங்கள் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து டார்ச் அடியுங்கள். நல்ல வண்டியில் தண்ணீர் முன் மட்கார்டுக்குப் பின்னால் இரு பக்கமும் வடிந்து தரையில் போகும். கெட்ட வண்டியில் உங்கள் முகத்தில் சொட்டும். இதைச் சரிசெய்ய முன் கண்ணாடி, மட்கார்டு எல்லாம் கழற்றி, டஜன் கணக்கான ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல் தகட்டைப் பிரிக்க வேண்டும். தகட்டின் விலை சில நூறு டாலர். கூலி அதைப் போலப் பல மடங்கு. "தண்ணீர் ஊற்ற வேண்டாம்" என்று விற்பவர் தடுத்தால் அவருக்கு விடை தெரியும்.

அதே வண்டிகளில் முன் ஸ்பிரிங் உட்காரும் கோபுரத் தகட்டில், மேல் கன்ட்ரோல் ஆர்ம் மாட்டும் இடத்தைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே வெல்டு வைத்த தழும்பு இருந்தால் இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். 60-களின் மஸ்டாங்கில் பெட்ரோல் டேங்கின் மேல்தகடுதான் டிக்கியின் தரை. பின்னால் யாராவது இடித்திருந்தால் டேங்கைச் சுற்றிய விளிம்பு கோணியிருக்கும்.

டார்ட்டிலும் டஸ்டரிலும் முன் சஸ்பென்ஷனுக்குக் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார் என்ற நீளக் கம்பிகள். அவற்றின் பின்முனை தரைக்கு அடியில் ஒரு குறுக்குச் சட்டத்தில் செருகியிருக்கும். அந்தச் சட்டம் துருவில் மெலிந்திருந்தால் வாங்காதீர்கள், பேரத்துக்கே இடமில்லை. பின் பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டும் இடமும் அப்படியே. நோவாவிலும் கமாரோவிலும் முன் சப்ஃபிரேமைப் பாடியோடு இணைக்கும் ரப்பர் புஷ்கள் நசுங்கி முன்பகுதியே தொங்கும். புஷ் மலிவு, ஆனால் போல்ட் இறங்கும் இடத்தில் பாடித் தகடு அழுகியிருந்தால் மலிவு இல்லை. ஸ்கைலார்க், கட்லஸ் வகைகளில் தனி சேசிஸ் என்பதால் பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் பகுதியைத் தட்டிப் பாருங்கள். உள்ளே சேறு அடைந்து அங்கேதான் ஓட்டை விழும்.

கடைசியாக ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அந்தப் பக்கக் கதவைத் திறந்து மூடுங்கள். தரையில் சாத்தியது போலவே சாத்த வேண்டும். கதவு உரசினால் பாடி வளைகிறது.

இன்ஜினும் ஓட்டமும்

வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள், வண்டியைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று. போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கிற வண்டி, அல்லது ஏதோ ஒரு சத்தத்தை மறைக்கிறார்.

கிளப்பிய முதல் நொடியில் நீலப்புகை ஒரு மூச்சு வந்து நின்றால் வால்வு சீல், சின்ன வேலை. வண்டியை முறுக்கும்போதெல்லாம் நீலப்புகை வந்தால் ரிங். வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் ஹெட் கேஸ்கெட்.

கம்ப்ரெஷன் கேஜ் 40 டாலர்தான். எல்லா பிளக்கையும் கழற்றி, காயில் வயரைப் பிடுங்கிவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கைந்து சுற்று. 120 முதல் 160 பி.எஸ்.ஐ. வரை எதுவும் சரி. எண்ணைவிடச் சீர்தான் முக்கியம்: மிகக் குறைந்தது மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது. ஒன்று மட்டும் குறைவாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். எண் ஏறினால் ரிங், ஏறவில்லை என்றால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு குறைவாக இருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது. வேக்குவம் கேஜும் கையில் இருந்தால், ஐடிலில் 17 முதல் 21 அங்குலத்தில் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

இருபது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுங்கள், விற்பவரோடு பேசிக்கொண்டு. ரேடியேட்டர் தாங்காத வண்டி அதற்குள் கொதிக்கத் தொடங்கிவிடும். சூடான பிறகு ஆயில் அழுத்தம் பாருங்கள்: ஆயிரம் சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில் சிவப்பாக இருக்க வேண்டும். பழுப்பும் தீய்ந்த வாடையும் இருந்தால் கிளட்ச் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அளவு பார்க்கும்போது கிரைஸ்லரை நியூட்ரலில் வைத்து இன்ஜின் ஓடப் பார்க்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டியை பார்க்கில். ரிவர்ஸ் போட்டதும் இரண்டு நொடிக்குள் பிடிக்க வேண்டும்.

பிரேக் பழைய வண்டியின் பலவீனம். நான்கிலும் டிரம் என்றால் ஈரத்தில் ஒரு பக்கம் இழுக்கும், மலை இறக்கத்தில் சூடேறி மங்கும். 1966 வரை பல வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை: ஒரு குழாய் வெடித்தால் நான்கு பிரேக்கும் போய்விடும். 1967 முதல் இரட்டை. 1965-66 மஸ்டாங் வாங்கினால் இரட்டை மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவதை முதல் மாதச் செலவில் எழுதுங்கள்.

டார்ட், டஸ்டரில் டாஷ்போர்டில் உள்ள ஆம்மீட்டரைப் பாருங்கள். பேட்டரிக்கு சார்ஜ் போகிற மின்சாரம் அந்த மீட்டர் வழியாகவும், இன்ஜின் அறைச் சுவரில் உள்ள ஒரே பிளாஸ்டிக் கனெக்டர் வழியாகவும் போகிறது. வருடங்கள் போகப்போக முனைகள் தளர்ந்து சூடாகி, கனெக்டர் உருகும். அதைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பழுப்பேறி இருந்தால் ஆம்மீட்டரைத் தவிர்த்துத் தனி வயர் இழுக்க வேண்டும், ஒரு மாலை வேலை.

பேரம், காகிதம்

குறைகளை எழுதிய தாளை விற்பவர் முன் வைத்து, ஒவ்வொன்றுக்கும் சாமான் விலையைச் சொல்லிக் கேளுங்கள். வண்டியை மட்டம் தட்டிப் பேசினால், இருபது வருடம் வளர்த்தவருக்குக் கோபம்தான் வரும், விலை குறையாது.

சாதாரண இன்ஷூரன்ஸ் 50 வருட வண்டிக்குத் தேய்மானம் போட்டுச் சில்லறைதான் தரும். ஹேகர்ட்டி, கிரண்டி போன்றவர்களிடம் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு பாலிசி எடுங்கள். பெரும்பாலும் பூட்டிய கராஜும், தினசரி ஓட்ட வேறொரு காரும் இருக்க வேண்டும் என்பார்கள்.

டொராண்டோ பக்கம் இருப்பவர்கள் உள்ளூர் வண்டியைவிட அரிசோனா, டெக்சாஸ் வண்டியைத் தேடுவது நல்லது. ஒன்டாரியோவில் குளிர்காலச் சாலை உப்பு எதையும் விட்டுவைப்பதில்லை. 15 வருடத்துக்கு மேற்பட்ட வண்டி என்பதால் இறக்குமதி வண்டிகளுக்கான கனடாவின் ஆர்.ஐ.வி. பதிவு தேவையில்லை. ஆனால் எல்லையைத் தாண்ட 72 மணி நேரம் முன்பே அமெரிக்கச் சுங்கத்துக்கு டைட்டிலைக் கொடுத்துத் தகவல் சொல்ல வேண்டும். இதை மறந்து எல்லைவரை ஓட்டி வந்தால், அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டியதுதான். பாலைவன வண்டியில் இரும்பு நன்றாக இருக்கும், ரப்பரும் சீட்டும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும்.

முதல் ஆறு மாதம்: அந்த 2,400 டாலர்

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள்: 2309 என்றால் 2009-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பூ தேயாமல் புதிதாகத் தெரிந்தாலும் பத்து வருடம் கடந்ததைக் கழற்றிவிடுங்கள், ஸ்டெப்னி உட்பட. நான்கும் சேர்ந்து 600 டாலர் ஆகும். டார்ட், டஸ்டர்களில் 1970 வரை டிரைவர் பக்க வீல் நட்டுகள் இடப்புற மரை. கடைப் பையன் வழக்கம் போல ஏர் கன்னை வைத்து எதிர்த்திசையில் அழுத்தினால் ஸ்டட் முறியும். போல்ட்டின் முனையில் எல் என்ற எழுத்து இருக்கும், காட்டிவிட்டு நில்லுங்கள்.

பிரேக் ஹோஸ் மூன்று, வீல் சிலிண்டர், புது பிரேக் ஆயில்: நீங்களே செய்தால் 200 டாலருக்குள். பெட்ரோல் ரப்பர் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். இன்று பம்பில் வருவது 10 சதவீத எத்தனால் கலந்தது, பழைய ரப்பரை உள்ளிருந்தே கரைத்துவிடும்; சூடான இன்டேக்கின் மேல் சொட்டும் பெட்ரோலில்தான் இந்த வண்டிகள் தீப்பிடிக்கின்றன. இன்ஜின் ஆயில், துத்தநாகச் சேர்க்கை அதிகம் உள்ள பழைய வண்டிக்கான வகையாக இருக்கட்டும். சாதா ஆயிலில் கேம் ஷாஃப்டின் முனைகள் தேய்ந்து, ஒரு சிலிண்டர் மெதுவாக மௌனமாகும்.

பெட்ரோல் ஃபில்டரை மட்டும் மூன்றாக வாங்கி வையுங்கள், உள்ளே தெரிகிற கண்ணாடி வகை. ஆண்டுக்கணக்கில் நின்ற டேங்கின் அடியில் உள்ள துருவும் பிசினும் முதல் 500 மைலில் கிளம்பி வரும். முதல் ஃபில்டர் இரண்டே நாளில் காபி நிறத்துக்கு மாறினால் மாற்றுங்கள். மூன்றாவதும் அப்படியே ஆனால் டேங்கை இறக்குங்கள், ஃபோர்டில் புது டேங்க் சுமார் 200 டாலர்தான்.